தூரத்துப் போர் உள்ளூர் சட்டத்துல எங்க ஒளிஞ்சிருக்குன்னு கண்டுபிடிக்கிறது எப்படி

வெளிநாட்டுல சண்டைன்னா எல்லாரும் மேப்பை வெச்சுக்கிட்டு எந்த ஊரு யார் கையிலன்னு பாத்துட்டு இருப்பாங்க. அதை ஓரமா வைங்க, பட்ஜெட்டை எடுங்க. ராணுவத்துக்கு எவ்ளோ ஏத்துனாங்கன்னு தேட வேணாம், அதை அவங்களே மைக் புடிச்சு சொல்லிடுவாங்க, அதே வருஷம் சத்தமில்லாம எது கொறைஞ்சுதுன்னு பாருங்க.

1951 பிரிட்டனை எடுத்துக்கோங்க. கொரியாவுல சண்டை, மூணு வருஷத்துல 470 கோடி பவுண்டுக்கு ராணுவ செலவுன்னு பிளான். எல்லாருக்கும் இலவச மருத்துவம்னு தேசிய சுகாதார சேவையை 1948லதான் ஆரம்பிச்சிருந்தாங்க. நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல் போய் கை வெச்ச இடம் மூக்குக்கண்ணாடியும் பல்செட்டும், இனிமே பாதி விலையை நோயாளியே குடுக்கணும்னுட்டாரு. ராணுவ செலவு பக்கத்துல வெச்சா அந்தக் காசு வெறும் கொசுறு, ஆனா அந்த சேவையை உருவாக்குன அனைரின் பெவன் மந்திரி பதவியையே தூக்கிப் போட்டுட்டு போயிட்டாரு, கூடவே ஹெரால்ட் வில்சனும், கட்சிக்குள்ள ரெண்டு கோஷ்டி, அக்டோபர்ல ஆட்சியும் போச்சு (இது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன்). கொரியா எங்க, பல்செட் எங்கன்னு தோணும், பட்ஜெட்ல ரெண்டும் ஒரே காகிதத்துலதான் வருது.

சில சமயம் பட்ஜெட்லயும் தெரியாது, காலண்டர்ல தெரியும். உக்ரைன் போருக்கு அப்புறம் ராணுவத்துக்கு காசு வேணும், ஜனங்க ஒரு நாள் கூட வேலை செஞ்சா வரி கூட வரும்னு டென்மார்க்ல 1686லேர்ந்து இருந்த ஒரு பிரார்த்தனை நாள் லீவையே 2024லேர்ந்து எடுத்துட்டாங்க.

அடுத்து "தற்காலிகம்"ங்கற வார்த்தையை தேடுங்க. முடியுற தேதி போட்டிருக்கா, அதை நீட்டிக்கிற அதிகாரம் யார்கிட்ட இருக்குன்னு பாக்கணும். முதல் உலகப்போர்ல ஆயுத ஃபேக்டரி ஆளுங்க குடிச்சுட்டு வேலைக்கு வராங்கன்னு இங்கிலாந்துல மதியம் மதுக்கடையை மூட வெச்சாங்க, அந்த மதிய பூட்டு போனது 1988ல. அமெரிக்காவுல ஸ்பெயின் சண்டைக்காக 1898ல போன்காலுக்கு வரி போட்டு, நடுவுல எடுத்து, திரும்பப் போட்டு, தொலைதூர காலுக்கு வசூலிக்கறதை விட்டது 2006ல.

இதோட இன்னொரு பக்கமும் இருக்கு, அதை விட்டுடாதீங்க. போருக்கு ஆள் வேணும், ஆளைக் கேட்டா பதிலுக்கு ஏதாவது குடுத்தாகணும். பிரிட்டன் தென்னாப்பிரிக்காவுல நடத்துன போயர் போர் சமயத்துல ராணுவத்துல சேர வந்தவங்கள்ல நெறைய பேரை உடம்பு சரியில்லன்னு திருப்பி அனுப்ப வேண்டியதாச்சு, அந்த பயத்துல கமிட்டி போட்டு, 1906ல பள்ளிக்கூட சாப்பாட்டு சட்டம், 1907ல பிள்ளைங்களுக்கு மெடிக்கல் செக்கப். இரக்கத்தை விட பட்டாளக் கணக்குதான் அங்க அதிகம்னு நெனைக்கிறேன். அமெரிக்காவுல, வியட்நாமுக்கு 18 வயசுல புடிச்சு அனுப்புறீங்க, ஓட்டு மட்டும் 21லயான்னு சண்டை போட்டு 1971ல ஓட்டு வயசையும் 18 ஆக்க வெச்சாங்க. அதனால அரசாங்கம் இப்ப யார்கிட்ட கை நீட்டுதுன்னு எழுதி வெச்சுக்கிட்டு, அஞ்சு பத்து வருஷம் கழிச்சு அவங்களுக்கு என்ன கெடைச்சுதுன்னு பாருங்க. யார்கிட்டயும் கேக்கலன்னா அதுவும் ஒரு துப்புதான். 1973ல கட்டாய ஆள்சேர்ப்பை நிறுத்துன அமெரிக்கா, 2003ல இராக்குக்குள்ள போன அதே வருஷம் வரியை கொறைச்சுது, கடன்ல ஓட்டுனாங்க, வீட்டுல யாருக்கும் உறைக்கல.

யார் வாயை அடைக்கிறாங்கன்னும் கவனிங்க. 1918ல முதல் உலகப்போரை எதிர்த்துப் பேசுனதுக்கு அமெரிக்க சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸுக்கு 10 வருஷம் ஜெயில் போட்டாங்க, மனுஷன் ஜெயில்லேர்ந்தே 1920 ஜனாதிபதி தேர்தல்ல நின்னு 9 லட்சத்துக்கு மேல ஓட்டு வாங்குனாரு.

கடைசியா ஒரு செக். எல்லாத்தையும் போர் தலையில கட்டிடாதீங்க. 1918ல பிரிட்டிஷ் பெண்களுக்கு, அதுவும் 30 வயசு தாண்டுனவங்களுக்கு மட்டும், ஓட்டு வந்தது போரால தான்னு ஈஸியா சொல்லிடுவாங்க, ஆனா அதுக்காக பல பத்து வருஷமா தெருவுல நின்னவங்க இருக்காங்க. அதனால போருக்கு முந்தின பார்லிமென்ட் விவாதத்தையும் பொரட்டுங்க, அதே கோரிக்கை அங்கயும் இருந்தா போர் அதை கிளப்பல, வேகப்படுத்த மட்டும்தான் செஞ்சிருக்கு.