சுறா எதிர்ப்பட்டால் நாம் செய்யும் தவறுகள்

சுறா வந்தால் என்ன செய்வீர்கள் என்று யாரைக் கேட்டாலும் 'மூக்கில் ஓங்கிக் குத்துவேன்' என்ற ஒரே விடைதான் வருகிறது. சிட்னிக்குக் குடிவந்த புதிதில் என் கையிலும் அந்த ஒரு விடைதான் இருந்தது. அது முழுப் பொய்யன்று. ஆனால் அந்தக் குத்துக்கு முன்னும் பின்னும் நடப்பவற்றை அது மறைத்துவிடுகிறது. சுறாவின் முன்னால் நாம் செய்யக்கூடிய தவறு சில நொடிகளுக்குள் முடிந்துவிடும். நீரில் இறங்குமுன் செய்கிற தவறுகளையும், கடிபட்டவரைக் கரைக்குக் கொண்டுவந்தபின் செய்கிற தவறுகளையும் நிதானமாகத் தவிர்த்துக்கொள்ள நமக்கு அவகாசம் இருக்கிறது. உயிர் போவதும் பிழைப்பதும் பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களில்தான் முடிவாகின்றன என்பதால், இக்கட்டுரையில் அவற்றுக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

அச்சத்துக்கு ஓர் அளவு வேண்டும் என்பதற்காக ஒரு கணக்கு. ஃபுளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பராமரிக்கும் பன்னாட்டுச் சுறாத் தாக்குதல் பதிவேட்டின்படி, மனிதர் சீண்டாமலே சுறா கடித்த நிகழ்வுகள் உலகம் முழுவதிலும் 2023-இல் 69, 2024-இல் 47. ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் சுறாவைவிடக் கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டமே ஆண்டுதோறும் அதிகம் பேரைக் கொல்கிறது. ஆகவே, சுறாவுக்குப் பயந்து, கூட்டமில்லாத இடமாகப் பார்த்து, உயிர்காப்பாளர்கள் காவல் காக்கும் பகுதியைக் குறிக்கும் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு வெளியே குளிப்பது தவறுகளிலெல்லாம் தலையாய தவறு.

நீரில் இறங்கும் முன்பே நடப்பவை

மனிதரைக் கொல்லும் அளவுக்குக் கடித்தவற்றில் பெரும்பாலானவை மூன்று இனங்கள்: வெள்ளைச் சுறா, புலிச் சுறா, காளைச் சுறா. இவற்றுள் நகரத்தாருக்கு மிக அருகில் வருவது காளைச் சுறா. கலங்கல் நீர் அதற்குப் பழக்கமானது. கழிமுகத்திலும் ஆற்றிலும் ஏறி, நன்னீரிலும் அதனால் வாழ முடியும். கனமழை பெய்து ஓய்ந்த மறுநாள், வெயில் வந்துவிட்டதென்று மழைநீர்க் கால்வாய் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிள்ளைகளை இறக்கிவிடும் பெற்றோரை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். தேநீர் நிறத்தில் இருக்கும் அந்த நீரில் சுறா நம்மைப் பார்க்காது. நாமும் அதைப் பார்க்க முடியாது. எதிரே அசைவது மீனா ஆளா என்று தெரியாதபோது, கடித்துப் பார்ப்பதுதான் அதற்குத் தெரிந்த வழி. நீர் தெளியும்வரை ஓரிரு நாள் பொறுப்பதால் நமக்கு எந்த நட்டமும் இல்லை.

விடியற்காலையும் அந்தி நேரமும் அப்படிப்பட்டவையே. ஆஸ்திரேலியக் கடற்படையின் முக்குளிப்பாளரான பால் டி கெல்டர் 2009 பிப்ரவரி 11 அன்று சிட்னித் துறைமுகத்துக்குள் காளைச் சுறாவிடம் சிக்கியது காலைப் பொழுதில்தான். நகரத்தின் நடுவிலுள்ள துறைமுகம், பக்கத்திலேயே பாதுகாப்புப் படகு, பயிற்சி பெற்ற வீரர் என எல்லாம் கூடி இருந்தும் அவர் ஒரு கையையும் ஒரு காலையும் இழந்தார். அவருடைய கதைக்குப் பிறகு மீண்டும் வருகிறேன்.

மீன் கூட்டம் துள்ளும் இடம், கடற்பறவைகள் பாய்ந்து பாய்ந்து மூழ்கும் இடம், தூண்டில்காரர்கள் மீனைச் சுத்தம் செய்து குடலை எறியும் துறைமேடை ஆகியவற்றின் அருகே நீந்துவது, பந்தியின் நடுவே போய் உட்கார்வதைப் போன்றது. ஓங்கில்கள் விளையாடினால் அங்கே சுறா இருக்காது என்று நம்முடைய ஆட்களே அடித்துச் சொல்வார்கள். அந்த நம்பிக்கைக்கு அடிப்படை கிடையாது. ஓங்கிலும் சுறாவும் ஒரே மீனைத் தேடி ஒரே இடத்துக்கு வருபவை.

வலையைப் பற்றிய நம்பிக்கை இன்னும் வலுவானது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1937-இலிருந்து சுறா வலை கட்டி வருகிறது. நியூகாசிலுக்கும் வுல்லொங்காங்குக்கும் இடைப்பட்ட 51 கடற்கரைகள் அத்திட்டத்தில் சேர்க்கப்பட்டன. வலை கட்டிய கரை என்றதும் நாம் மனத்தில் வேலியடைத்த குளத்தைக் காண்கிறோம். உண்மையில் ஒரு வலையின் நீளம் 150 மீட்டர், உயரம் 6 மீட்டர். கடற்கரையின் முழு அகலத்தையும் அது மறைப்பதில்லை. மேலாகவும் பக்கவாட்டிலும் சுறா தாராளமாகப் போய்வரலாம். வலையில் சிக்கும் சுறாக்களில் ஒரு பகுதி கரைப் பக்கத்திலிருந்து கடலுக்குத் திரும்பும்போது சிக்குகிறது என்பதே போதுமான சான்று. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்புக் காலத்தில், சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதற்கென்று 'கடல்கட்டி' ஒருவர் இருந்தார். அவர் வராமல் குளிப்பவர்கள் நீரில் இறங்க மறுத்ததால், வெள்ளைக்கார அரசாங்கமே அவருக்குக் கூலி கொடுத்து வைத்திருந்தது. வலையை நம்பி அந்திநேரத்தில் நீந்தப் போகிறவர்களைப் பார்க்கையில் அந்தக் கடல்கட்டியின் நினைவு வராமல் இருப்பதில்லை.

கடையில் வாங்கும் பாதுகாப்புக் கருவிகளுக்கும் இது பொருந்தும். தென் ஆஸ்திரேலியாவின் நெப்டியூன் தீவுகளில் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தார் அலைச்சறுக்குப் பலகையில் இரை கட்டிச் சோதித்து, 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கருவி எதுவும் இல்லாதபோது வெள்ளைச் சுறாக்கள் 96 விழுக்காடு வேளைகளில் இரையைக் கவ்வின. மிகச் சிறப்பாக வேலைசெய்த மின்புலக் கருவியைப் பொருத்தியபோது அது 40 விழுக்காடாகக் குறைந்தது. காந்தப் பட்டையும் மிளகாய் கலந்த மெழுகும் சொல்லும்படியான வேறுபாட்டைக் காட்டவில்லை. நாற்பது விழுக்காடு என்பது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அதை அணிந்துகொண்டு கலங்கிய ஆற்றுமுகத்தில் தனியாக இறங்கினால், கருவி கொடுத்த லாபத்தை நாமே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

கண்ணெதிரே வந்துவிட்டால்

சுறாவைக் கண்டதும் எல்லோருக்கும் உடல் சொல்லித்தருவது ஒன்றுதான்: முதுகைத் திருப்பிக்கொண்டு கையையும் காலையும் படபடவென்று அடித்துக் கரையை நோக்கிப் பாய்வது. பெரிய சுறாக்கள் பதுங்கித் தாக்குபவை. பின்னிருந்தும் கீழிருந்தும் வருவது வெள்ளைச் சுறாவின் வழக்கம். தான் பார்க்கப்பட்டுவிட்டோம் என்றால் அதற்குப் பாதி வாய்ப்புப் போயிற்று. முதுகைக் காட்டுகிறவர் அந்த வாய்ப்பைத் திருப்பித் தருகிறார். படபடப்பதோ அடிபட்ட மீனின் துடிப்பாகவே அதன் உடலுக்கு எட்டும். வேகத்தில் அதை வெல்ல எந்த மனிதராலும் முடியாது. ஆகையால் முகத்தை அதன் பக்கம் வைத்து, அது சுற்றினால் நாமும் கூடவே திரும்பி, தண்ணீர் சிதறாமல் சீராகக் கரையையோ படகையோ நோக்கிப் பின்வாங்க வேண்டும். பலகை இருந்தால் அது நமக்கும் சுறாவுக்கும் இடையில் இருக்கட்டும். ஆழத்தில் முக்குளிப்பவர் பதறிப்போய் மேலே பாய்வதைவிட, பாறையில் முதுகைச் சாய்த்தோ துணைக்கு வந்தவரோடு முதுகோடு முதுகு சேர்த்தோ நின்று, அது விலகியதும் மெல்ல ஏறுவது நல்லது. செத்தவரைப் போலக் கிடப்பதால் எந்தப் பயனும் இல்லை. அந்தப் பாடம் வேறு விலங்குக்கு உரியது.

இனி மூக்குக் குத்து. நீச்சல் குளத்தில் மார்பளவு நீரில் நின்று, நீருக்கடியில் முழு வலிமையோடு ஒரு குத்து விட்டுப் பாருங்கள். கை ஏதோ பாகில் நகர்வதைப் போல நகரும். நகரும் சுறாவின் மூக்கு சிறிய இலக்கு. அதற்கு நேர் கீழே வாய் இருக்கிறது. குறி ஒரு சாண் தவறினால் கை போய்ச் சேருமிடம் அதுவே. தோலும் உப்புத்தாளைப் போல் கையைச் சீவிவிடும். மூக்கில் மின்புலத்தை உணரும் நுண்துளைகள் நிறைந்திருப்பதால் அங்கே படும் அடி அதற்கு உறைக்கும் என்பது மெய். ஆயினும் கையில் ஏதாவது இருக்கும்போது வெறுங்கையை நீட்டுவது தவறு. பலகை, கேமரா, கால்துடுப்பு என எதையாவது கொண்டு தள்ளிப் பிடிப்பதே முதல் வேலை. கவ்வியே விட்டால் கண்ணையும் செவுளையும் குறிவைத்து, ஓயாமல் தாக்க வேண்டும். 'மெல்ல அசையுங்கள்' என்ற முன்னைய அறிவுரை அந்த நொடியோடு காலாவதியாகிவிடுகிறது. அதை உணராமல் அசையாமல் பொறுத்திருப்பது இன்னொரு தவறு.

டி கெல்டருக்குக் கண்ணைக் குத்த வேண்டும் என்று தெரிந்திருந்தது. குத்தப் போனபோதுதான் வலது கை அசையவில்லை என்பது புலப்பட்டது. காலோடு சேர்த்து அந்தக் கையையும் சுறா கவ்வியிருந்தது. திட்டமிட்டபடி எதுவும் நடக்காது என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டாம். அவர் இடது கையால் போராடினார். சக வீரர்கள் படகை உடனே கொண்டுவந்தார்கள். தனியாகப் போயிருந்தால் அந்தக் கதையைச் சொல்ல அவர் இருந்திருக்க மாட்டார். 2015 ஜூலையில் தென்னாப்பிரிக்காவின் ஜெஃப்ரீஸ் பே அலைச்சறுக்கு இறுதிப்போட்டியில் மிக் ஃபானிங்கின் பலகையைக் காலோடு பிணைக்கும் கயிற்றில் சுறா சிக்கியபோது, எதிர்த்துப் போட்டியிட்ட ஜூலியன் வில்சன் விலகிப் போகாமல் அவரை நோக்கியே துடுப்பிட்டு வந்ததை நேரலையில் உலகம் பார்த்தது.

ஈட்டியால் மீன் பிடிப்பவர்களுக்குத் தனியே ஒரு தவறு உண்டு: குத்திய மீனை உடலோடு கட்டிக்கொள்வது. 1963 டிசம்பரில் தென் ஆஸ்திரேலியாவின் ஆல்டிங்கா கடற்கரையில் ஈட்டி மீன்பிடிப் போட்டியின்போது ராட்னி ஃபாக்ஸை வெள்ளைச் சுறா மார்போடு கவ்வியது. கண்ணைத் தாக்கி விடுபட்டவரை, மிதவையோடு கட்டியிருந்த கயிறு மறுபடியும் ஆழத்துக்கு இழுத்தது. அந்த மிதவையையே சுறா விழுங்கப் பார்த்தது. கயிறு அறுந்ததால் பிழைத்தார். மீன் வேண்டுமென்று சுறா வந்து நின்றால், மீனைக் கொடுத்துவிட்டு வருவதுதான் கணக்குத் தெரிந்தவர் செய்வது.

பெரிய சுறாவை மட்டும் சுறாவாக எண்ணுவதும் பிழையே. சிட்னியின் பாறைக் கரைகளில் கம்பளம் விரித்தாற்போல அசையாமல் படுத்துக்கிடக்கும் வொபிகாங் சுறாவின் வாலைப் பிடித்து இழுத்து விளையாடுபவர்கள் இருக்கிறார்கள். அதன் உடல் வளைந்து, வாலைப் பிடித்த கையையே கவ்வும். கவ்வினால் எளிதில் விடாது. 2004-இல் நியூகாசிலுக்கு அருகிலுள்ள கேவ்ஸ் பீச்சில், சீண்டாமல் நீந்திய ஓர் இளைஞரின் காலையே இச்சிறு சுறா ஒன்று கவ்விக்கொண்டது. அவர் அதைத் தொங்கவிட்டபடியே கரையேறி, காரை ஓட்டி, உயிர்காப்பு மன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்தவர்கள் பிய்த்து எடுக்கவில்லை. செவுளில் நன்னீரைப் பாய்ச்சினார்கள், அது வாயைத் திறந்தது. இழுத்துப் பிய்த்திருந்தால் தசையும் கூடவே போயிருக்கும்.

கரைக்கு வந்தபின்

கடித்த சுறா பெரும்பாலும் ஒரே கடியோடு விலகிவிடுகிறது. அதன்பின் ஆளைக் கொல்வது இரத்தப்போக்கு. தொடைத் தமனி அறுந்தால் சில நிமிடங்களே கையில் இருக்கும். அந்த நிமிடங்களை நாம் எப்படிச் செலவழிக்கிறோம்? நால்வர் தூக்கிக்கொண்டு கார் நிறுத்தத்துக்கு ஓடுகிறார்கள். ஒருவர் காயத்தின் ஆழத்தைப் பார்க்க ஈர உடையைக் கழற்றப் பார்க்கிறார். இன்னொருவர் துணியை நொடிக்கொரு தரம் தூக்கி இரத்தம் நின்றதா என்று பார்க்கிறார். மூன்றும் தவறு. அலை எட்டாத தூரத்தில் மணலிலேயே கிடத்தி, முதலில் இரத்தத்தை நிறுத்த வேண்டும்; அதே வேளையில் மற்றொருவர் ஆஸ்திரேலிய அவசர உதவி எண்ணான 000-ஐ அழைக்க வேண்டும். ராட்னி ஃபாக்ஸின் குடலும் விலாவும் சிதறாமல் இருந்ததற்கு அவருடைய ரப்பர் உடையே காரணம். நண்பர்கள் அதைக் கழற்றாமல் அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

பலகைக் கயிற்றை எடுத்துக் காலில் கட்டுவதுதான் அலைச்சறுக்கு வீரர்கள் பலருக்கும் தெரிந்த முதலுதவி. 2003 அக்டோபரில் ஹவாயின் கவாய் தீவில், 13 வயதுச் சிறுமி பெத்தனி ஹாமில்டனின் இடது கையைப் புலிச் சுறா தோளருகே துண்டித்தபோது, தோழியின் தந்தை அப்படிக் கட்டித்தான் கரை சேர்த்தார். வேறு வழியே இல்லாத இடத்தில் அது உயிர் காத்தது. ஆனால் காலில் பட்ட கடிக்கு அதைவிட நல்ல வழி ஒன்றை ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் நிக்கலஸ் டெய்லர் 2021-இல் சோதித்துக் காட்டினார். இடுப்பெலும்பின் முனைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே, தொடை மடிப்பில், விரல்களை மடக்கிய கைமுட்டியை வைத்து, முழங்கையை மடக்காமல், உடலின் முழு எடையையும் அதன்மேல் சாய்த்து அழுத்த வேண்டும். அவர் கணக்கின்படி இது காலுக்குப் போகும் இரத்த ஓட்டத்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை நிறுத்தியது. பலகைக் கயிறு 44 விழுக்காட்டைத்தான் நிறுத்தியது. இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. கூச்சப்பட்டுக் கையை இடம் மாற்றி வைப்பதுதான் இங்கே நிகழக்கூடிய பிழை.

அரைகுறையாக இறுக்கிய கட்டு, கட்டே இல்லாததைவிட மோசமாகலாம்: மேலோட்டமான சிரைகள் அடைபட, ஆழத்திலுள்ள தமனி தொடர்ந்து பாய்ந்து, இரத்தம் முன்னைவிட அதிகமாகவே வெளியேறும். பல கடற்கரைகளில் இப்போது வைக்கப்பட்டிருக்கும் இரத்தப்போக்குப் பெட்டியில் முறையான இறுக்குப் பட்டை இருக்கும். அதைக் காயத்துக்கு மேலே, மூட்டின்மேல் படாமல் சுற்றி, இரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். அவர் வலியில் கதறுவார். கதறுகிறாரே என்று தளர்த்திவிடுவதும், இரத்தம் நின்றதே என்று பத்து நிமிடம் கழித்து அவிழ்த்துப் பார்ப்பதும் அதுவரை செய்ததைப் பாழாக்கும். கட்டிய நேரத்தை நெற்றியிலோ பட்டையிலோ எழுதிவைத்தால் மருத்துவருக்கு உதவும். குளிரில் இரத்தம் உறைவது மந்தமாகும் என்பதால், கையிலுள்ள துண்டுகளையெல்லாம் போர்த்த வேண்டும். தண்ணீர் கேட்டால் கொடுக்கக் கூடாது; உடனே அறுவைக்கு மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும்.

வொபிகாங் கீறிய சிறு காயத்துக்கு வீட்டிலிருக்கும் களிம்பைப் பூசிவிட்டு வேலைக்குப் போய்விடுபவர்களும் உண்டு. பல்லின் துணுக்கு உள்ளே தங்கியிருக்கலாம். கடல்நீரின் பாக்டீரியா, வீட்டுக் களிம்புக்கு அடங்காத சீழைப் பிடிக்கவைக்கும். எவ்வளவு சிறிய கடியானாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி, கடலில் சுறா கடித்தது என்பதைச் சொல்லியே மருந்து வாங்க வேண்டும்.