ஆறாத புண்ணுக்குப் புழு வைக்கும் முறை

புழுவின் வேலை அழுகிய சதையைக் கரைத்துக் குடிப்பது மட்டுமே. 2009இல் பிரிட்டனில் கால் புண்களில் நடந்த ஒப்பீட்டு ஆய்வில், புண்ணை ஈரமாக்கி அழுகலை இளக்கும் ஹைட்ரோஜெல் என்ற கூழைவிடப் புழு வேகமாகச் சுத்தம் செய்தது. ஆனால் புண் ஆறும் காலம் குறையவில்லை. அதனால் சர்க்கரை நோயாளிக்கு ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, ரத்த ஓட்டத்தைச் சோதிப்பது, பாதத்தில் எடை விழாமல் பார்ப்பது எல்லாம் கூடவே நடக்க வேண்டும்.

ஈரமான, மஞ்சள் அழுகல் படிந்த புண்ணே இதற்கு ஏற்றது. காய்ந்து கறுத்த பொருக்கைப் புழுவால் துளைக்க முடியாது. முதலில் ஊறவைத்து இளக்க வேண்டும். பெரிய ரத்தக்குழாய் அருகிலோ உடலின் உட்குழிவரையோ போகும் புண், வேகமாகப் பரவும் தொற்று, ரத்தம் உறையாத கோளாறு என்றால் வேண்டாம். வைக்கலாமா என்பது மருத்துவர் முடிவு. ஆய்வகத்தில் கிருமி நீக்கி வளர்த்த லூசிலியா செரிகேட்டா ஈயின் புழுவைத் தவிர வேறெதுவும் கூடாது.

பழைய ஜெல், மருந்து மிச்சமில்லாமல் சலைனால் (கிருமி நீக்கிய உப்பு நீர்) கழுவுங்கள். புழுவின் செரிமானச் சாறு நல்ல தோலை அரிக்கும் என்பதால் புண்ணின் வடிவத்துக்கு வெட்டிய ஹைட்ரோகொலாய்டு பட்டையைச் (தோலைக் காக்கும் ஒட்டுப்பட்டை) சுற்றிலும் ஒட்டுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 5 முதல் 8 புழு: 4க்கு 5 சென்டிமீட்டர் புண்ணுக்கு 100 முதல் 160. மேலே நைலான் வலையை இடைவெளி இல்லாமல் பட்டையோடு ஒட்டி, சலைனில் நனைத்துப் பிழிந்த காஸ் (மெல்லிய வலைத்துணி), அதற்கும் மேல் உலர்ந்த பஞ்சுக் கட்டு. பிளாஸ்டிக் படலம் போட்டால் மூச்சுமுட்டிச் செத்துவிடும்.

மேல்கட்டை தினமும், ஊறினால் அதற்கு முன்பே மாற்றுங்கள். பழுப்பாக நீர் வடிவதும் வாடை கூடுவதும் இயல்பு. வாடைக்குப் பயந்து பாதியில் அவிழ்க்க வேண்டாம். 2 மில்லிமீட்டர் புழு 1 சென்டிமீட்டர் வரை வளரும்போது, இரண்டாம் நாள் வாக்கில், வலி கூடலாம். வலி மாத்திரைக்கு அடங்காவிட்டால் எடுத்துவிடலாம். பளிச்சென்ற சிவப்பு ரத்தம் தெரிந்தால் உடனே எடுத்து, அழுத்திப் பிடித்து, மருத்துவரை அழையுங்கள்.

புழு செத்துக் கிடந்தால் காரணம் பெரும்பாலும் நாலில் ஒன்று: கட்டு காய்ந்தது, நீரில் மூழ்கியது, நடந்து நசுங்கியது, அல்லது புண்ணில் சூடோமோனாஸ் கிருமி. பச்சை நிறச் சீழ் இருந்தால் கடைசியைச் சந்தேகியுங்கள்.

48 முதல் 72 மணி நேரத்தில் வலையைத் தூக்கி, ஈரக் காஸால் துடைத்துச் சலைனால் கழுவுங்கள். உள்ளே ஒன்றிரண்டு ஒளிந்திருந்தால் நோண்ட வேண்டாம். ஈரக் காஸ் வைத்தால் ஒரு நாளில் தானே வெளியே வரும். புண்ணுக்குள் அது பெருகாது: ஈயாக மாறினால்தான் முட்டையிடும், அதற்கு முன் கூட்டுப்புழுவாக அதற்கு உலர்ந்த இடம் தேவை. எடுத்ததை இரட்டைப் பையில் முடிந்து மருத்துவக் கழிவில் சேருங்கள். அழுகல் மிச்சமிருந்தால் இன்னொரு சுற்று வைக்கலாம்.