டீ சரி பண்ணுச்சா, சாவி சரி பண்ணுச்சா? டீசல் பிக்கப் அப்பப்போ இழுவை விடறப்போ நாம பண்ற தப்புங்க

கடலூர் ஓ.டி.ல (ஓல்டு டவுன்) மீன் பெட்டி ஏத்திக்கிட்டு கேப்பர் மலை ஏத்தம் ஏறும்போதுதான் என் பிக்கப் மொத தடவ படுத்துச்சு. ஆக்சிலேட்டர தரையோட மிதிக்கிறேன், வண்டி மூணாவது கியர்லயே முக்குது, பின்னாடி பஸ்காரர் ஹாரன் அடிச்சே காத அடைச்சிட்டாரு. ஓரங்கட்டி ஆஃப் பண்ணி, ஒரு டீ குடிச்சிட்டு வந்து எடுத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி இழுக்குது. வாரத்துல ரெண்டு வாட்டி இதே கூத்து. மெக்கானிக் டர்போ (இன்ஜினுக்குள்ள காத்த அமுக்கி அனுப்பற சாமான்) போச்சுன்னாரு, நானும் தலையாட்டிட்டேன். மாத்தி மூணாம் நாள் அதே ஏத்தத்துல அதே முக்கல்.

வந்து வந்து போற கோளாற காலி வண்டிய ஷெட்டுல நிறுத்தி ஐடில்ல (ஆக்சிலேட்டர் மிதிக்காம சும்மா ஓடவிட்டு) தேடறதுதான் இதுல பெரிய தப்பு. காமன் ரெயில் வண்டிக்கு (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பைப்ல இருந்து பிரஷரோட டீசல் போகும், அந்த பைப்தான் ரெயில்) ஐடில்ல 250, 300 பார் பிரஷர் போதும், நல்ல லோடுல 1600 பார் வரைக்கும் கூட கேக்கும் (மாடலுக்கு மாடல் மாறும்), அதனால பாதி அடைச்ச டீசல் ஃபில்டர் கூட ஐடில்ல நல்லபுள்ளையா நடிக்கும். லோடு ஏத்தி, ஸ்கேனர் (வண்டி கம்ப்யூட்டர் சொல்றத படிக்கற கருவி) மாட்டி, பக்கத்துல ஒரு ஆள உக்காரவச்சு, வண்டி படுக்கற அந்த நிமிஷத்துல கேக்குற ரெயில் பிரஷர் எவ்ளோ வர்றது எவ்ளோன்னு பாக்க சொல்லுங்க.

இன்ஜின் லைட் எரிஞ்சதும் பேட்டரி வயர கழட்டி மாட்டாதீங்க, கம்ப்யூட்டர் குறிச்சு வச்ச கோளாறு கோடு அழிஞ்சிடலாம், மொதல்ல ஸ்கேனர்ல அத பாத்து போட்டோ எடுங்கப்பா. பி0087னா ரெயில்ல பிரஷர் கம்மி, பி0299னா டர்போ காத்து கம்மி, அவ்ளோதான் அதுக்கு தெரியும், எந்த சாமான் போச்சுன்னு அது சொல்லாது. மிரரயும் பாருங்க. கரும்புகை தள்ளிக்கிட்டு படுத்தா காத்து பத்தல, டர்போ ஹோஸ் கிழிசல், ஈஜிஆர் வால்வு (எரிஞ்ச புகைல கொஞ்சத்த திருப்பி இன்ஜினுக்கு விடறது)ன்னு போகலாம். புகையே இல்லாம படுத்தா டீசல் பத்தலையான்னு பாருங்க. பிஎஸ்6 வண்டில (புது மாசு விதிப்படி வந்தது) புகைய நம்பாதீங்க, சைலன்சர் பைப்ல இருக்கற புகை ஃபில்டர் புடிச்சிக்கும்.

இன்னொண்ணு, பழைய டீசல் வண்டி ஞாபகத்துல இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப் நட்ட லூஸ் பண்ணி பாக்கவே பாக்காதீங்க, அந்த பிரஷர்ல டீசல் தோல துளைச்சிக்கிட்டு உள்ள போயிடும், ஆஸ்பத்திரி கேஸ்.

இப்ப என் டீ கதைக்கு வரேன். படுத்த ஒடனே ஆஃப் பண்ணி அடுத்த செகண்டே ஸ்டார்ட் பண்ணி பாருங்க. அப்பவே சரியாச்சுன்னா பெரும்பாலும் லிம்ப் மோடு (கோளாறுன்னு நெனச்சு கம்ப்யூட்டரே பவர கொறைக்கறது), சென்சார், வயர், கனெக்டர் பக்கம் தேடணும், அதுவும் மீன் லோடு வண்டில உப்புத்தண்ணி ஒழுகி எர்த் பாயிண்ட் பச்சை பூத்துக் கெடக்கும். பத்து நிமிஷம் நின்னாதான் சரியாகுதுன்னா டேங்க்ல எதையோ உறிஞ்சிக்கிட்டு கெடக்கான்னு சந்தேகப்படுங்க. டேங்க் மூடிய தொறக்கும்போது புஸ்ஸுனு காத்து உள்ள இழுத்தா மூடில இருக்கற காத்து ஓட்டை அடைப்பு.

எனக்கு சாவி போட்டு எடுத்தா சரியாகல, டீக்குதான் சரியாச்சு. டேங்க எறக்கினா உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாலிதீன் துண்டு, டீசல் இழுக்கற வலை மேல ஒட்டிக்கிட்டு, இன்ஜின் நின்னா விழுந்துடும், லோடுல இழுத்தா மறுபடி போய் அப்பிக்கும். கழட்டின டர்போ இன்னும் திண்ணையிலதான் கெடக்குது.