ஐந்து சென்டில் பறவைக் கொல்லை

பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் கொல்லையில் பறவைகளுக்கென்று ஐந்து சென்ட் ஒதுக்கினால் போதும்: கம்பு இரண்டு, தினை இரண்டு, ஓரத்தில் தட்டைப்பயறு ஒன்று.

ஆடிப்பட்டம் என்பார்கள், இதற்கு எல்லாவற்றையும் ஆடிக்குள் தள்ளினால் கொஞ்சம் தாமதம். கம்பும் தினையும் ஏறக்குறைய 85 முதல் 90 நாள் பயிர். பாதியை ஆனி நடுவிலும் மீதியை ஆடி பிறந்ததும் விதைத்தால், ஐப்பசி அடைமழைக்கு முன் இரண்டு தடவையாகக் கதிர் முற்றும். பிந்தினால் பூக்கும் நேரம் மழையில் சிக்கும். கம்பில் தேனொழுகல் நோய் வரும். கதிரில் இளஞ்சிவப்பாகப் பிசுபிசுவென்று துளி தெரிந்தால் அறுத்துப் புதைத்துவிடுங்கள். அது நஞ்சு, பறவைக்கும் ஆகாது.

விதைக்கக் கம்பு 40 கிராம், தினை 80, பயறு 100 போதும். கடையில் சாயம் ஏற்றிய விதை வேண்டாம். அதில் மருந்து இருக்கும், புறா பொறுக்கித் தின்றால் செத்துவிடும். சமைக்க விற்கும் தினை தோல் நீக்கியது, முளைக்காது. கம்பை லிட்டருக்கு 100 கிராம் உப்புக் கரைத்த நீரில் போட்டு, மிதப்பதைக் கொட்டிவிட்டு, மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள்.

கடைசி உழவில் தொழு உரம் 250 கிலோ. யூரியா வேண்டாம், பயிர் மதர்த்துச் சாயும். கம்பு ஒன்றரை அடி வரிசையில், அரை அடிக்கு ஒரு செடி. தினையை நான்கு பங்கு மணலில் கலந்து தூவி, முள் மிலாறு (முட்கிளை) இழுத்து மூடுங்கள். மேலாகக் கிடந்தால் எறும்பு இழுத்துப் போய்விடும். ஒரு அங்குலத்துக்குக் கீழே போனால் முளை மேலே வராது. பதினைந்தாம் நாள் நெருக்கத்தைக் கலைத்துவிடுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது பூச்சியில்தான். தூக்கணாங்குருவி தானியம் தின்றாலும் குஞ்சுக்குப் புழுவும் வெட்டுக்கிளியும்தான் ஊட்டும். தட்டைப்பயறு அதற்காகத்தான். அசுவினிப் பூச்சி அப்பினாலும் மருந்து அடிக்காதீர்கள். எலிக்கு விஷம் வைத்தால் அந்த எலியைத் தின்னும் ஆந்தையும் செத்துப்போகும்.

தினையை நசுக்கினால் பால் வரும் பருவத்திலேயே சில்லைகள் என்ற சிறு குருவிகள் இறங்கிவிடும். அந்த நேரம் பக்கத்தில் நெல்லும் பால்கட்டினால் அங்கேயும் போகும்; ஆகவே அண்டை வயலை ஒட்டிப் போடாதீர்கள். மணிலா (வேர்க்கடலை) கொல்லைக்குப் பக்கத்திலும் வேண்டாம், மயில் முளையைக் கிளறிவிடும். காட்டுப்பன்றி நடமாட்டம் இருந்தால் கிழங்கு எதுவும் ஊன்றாதீர்கள்.

கதிரை அறுக்காமல் விட்டு, தாளைத் தை வரை நிறுத்துங்கள். உதிர்ந்த மணிக்குக் கௌதாரி வரும். ஒதுங்க வேலியில் காரை, சூரை முட்செடிகள் புதராக இருக்கட்டும்.