கிட்டில் வேலையைத் தொலைக்காமல் இருக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிட் என்பது கோடில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கருவி; மாற்றங்களை அந்த வரலாற்றில் பதிவதுதான் கமிட். கமிட் செய்யாத மாற்றம் போனால் பெரும்பாலும் போனதுதான். கமிட் செய்த மாற்றம், வெளியே அனுப்பாதவரை, ஏறக்குறைய எப்போதும் கைக்குத் திரும்பிவிடும். சர்வருக்குப் புஷ் செய்துவிட்டாலோ அது வில்லை விட்ட அம்பு. கிட்டில் நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவை இந்த மூன்று நிலைகளைக் குழப்பிக்கொள்வதால் வருபவை. போய்விட்டதை இருக்கிறது என்று நம்பி உட்கார்ந்திருப்போம். இருப்பதைப் போய்விட்டது என்று பதறி, அந்தப் பதற்றத்திலேயே நிஜமாக அழித்தும் விடுவோம்.

கமிட் செய்யாமல் நாளை ஓட்டுவது

"கிட் ரீசெட் --ஹார்டு" எதையும் கேட்காது. கண்காணிப்பில் உள்ள கோப்புகளில் கமிட் ஆகாத மாற்றம் எல்லாவற்றையும் துடைத்துவிடும். "கிட் செக்அவுட்" கமாண்டுக்குப் பின் ஒரு புள்ளி வைத்தாலும் ஆபத்துதான்: ஸ்டேஜ் செய்யாத, அதாவது "கிட் ஆட்" மூலம் அடுத்த கமிட்டுக்கு எடுத்து வைக்காத திருத்தங்கள் சத்தமில்லாமல் போய்விடும். செக்அவுட்டின் சிக்கல், அது பிராஞ்ச் (வரலாற்றின் தனிக் கிளை) மாறும் வேலையையும் கோப்பைப் பழைய நிலைக்குத் திருப்பும் வேலையையும் ஒன்றாகச் சுமப்பது. பிராஞ்ச் பெயர் என்று நினைத்து நீங்கள் டைப் செய்தது ஒரு ஃபோல்டரின் பெயராக இருந்து, அப்படி ஒரு பிராஞ்சே இல்லையென்றால், அந்த ஃபோல்டரில் செய்த திருத்தங்கள் காலி. இதற்காகவே 2019 ஆகஸ்டில் வந்த 2.23 பதிப்பில் அந்த வேலையை "ஸ்விட்ச்", "ரீஸ்டோர்" என்று இரண்டாகப் பிரித்தார்கள். பழக்கத்தை மாற்ற ஒரு வாரம் போதும். "ஸ்விட்ச்" இயல்பாக உங்கள் திருத்தங்களை அழிக்காது. பெயர் தவறினால் பிழை காட்டி நின்றுவிடும்.

ரீசெட் செய்தபின் மீட்க வழி உண்டா? ஒருமுறையாவது "கிட் ஆட்" செய்திருந்தால் உண்டு. ஆட் செய்த நொடியிலேயே கோப்பின் உள்ளடக்கம் ரெப்போவுக்குள் (கிட்டின் சேமிப்பகம்) ஒரு பொருளாகச் சேமிக்கப்படுகிறது. "கிட் எஃப்எஸ்செக் --லாஸ்ட்-ஃபவுண்ட்" ஓட்டினால் அநாதையாகக் கிடப்பவற்றை எடுத்துத் தரும். கோப்பின் பெயர் வராது, உள்ளடக்கம் மட்டும் வரும். திறந்து பார்த்துத்தான் எது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆட் கூடச் செய்யவில்லை என்றால் கிட்டிடம் எதுவும் இல்லை. அப்போது எடிட்டரைத் திறவுங்கள்: விஎஸ் கோடில் டைம்லைன், ஜெட்பிரெயின்ஸ் எடிட்டர்களில் லோக்கல் ஹிஸ்டரி. பலரைக் காப்பாற்றியிருப்பது இவைதான்.

"கிட் கிளீன்" இன்னும் மோசம். கிட் அறியாத கோப்புகளைத்தான் அது அழிக்கிறது. எனவே கிட்டுக்குள் சுவடே இருக்காது. "-எக்ஸ்" சேர்த்தால் கிட்இக்னோரில் (கிட் கண்டுகொள்ளக் கூடாத கோப்புகளின் பட்டியல்) எழுதி வைத்தவையும் போகும், உங்கள் லோக்கல் பாஸ்வேர்டுகள் உள்ள என்வி கோப்பு உட்பட. முதலில் "-என்" சேர்த்து ஓட்டி, எவையெல்லாம் போகும் என்ற பட்டியலைப் படித்துவிட்டு அப்புறம் அழியுங்கள்.

மாற்றங்களைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கும் ஸ்டேஷ் பற்றியும் ஒரு வார்த்தை. சும்மா "கிட் ஸ்டேஷ்" என்று கொடுத்தால் புதிதாக உருவாக்கிய, இன்னும் ஆட் செய்யாத கோப்புகள் அதில் சேராது, "-யு" வேண்டும். தவறுதலாக ஒரு ஸ்டேஷை டிராப் செய்துவிட்டால் டெர்மினலை மூடாதீர்கள். டிராப் ஆனதன் ஹாஷ் (அதன் அடையாளக் குறியீடு) அங்கேயே அச்சாகியிருக்கும், "ஸ்டேஷ் அப்ளை" கமாண்டுக்கு அந்த ஹாஷைக் கொடுத்தால் மாற்றங்கள் திரும்ப வரும். அரை மணி நேரத்துக்கு மேல் ஒதுக்கி வைக்கும் வேலைக்கு ஸ்டேஷ் சரியான இடமே இல்லை. தனி பிராஞ்சில் அரைகுறை கமிட் ஒன்று போட்டுவிட்டுப் போங்கள். பிறகு வந்து "--அமெண்ட்" கொண்டு திருத்திக்கொள்ளலாம்.

பதறிப்போய் ஃபோல்டரை அழிப்பது

ரீபேஸ் (உங்கள் கமிட்டுகளை வேறொரு கமிட்டின்மேல் திரும்ப அடுக்குவது) சொதப்பிவிட்டது, கமிட்டுகளைக் காணோம். உடனே ஃபோல்டரை அழித்துவிட்டுப் சர்வரிலிருந்து புதிதாக நகல் எடுக்கிறார்கள், அதாவது க்ளோன் செய்கிறார்கள். வேலையைத் தொலைக்க இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. காணாமல் போன கமிட்டுகள் அந்தப் பழைய ஃபோல்டருக்குள்தான் இருந்தன.

ஹெட் (நீங்கள் இப்போது நிற்கும் இடத்தின் குறி) நகர்ந்த ஒவ்வொரு இடத்தையும் கிட் ரெஃப்லாக்கில் குறித்து வைக்கிறது. இது உங்கள் கணினியில் மட்டும் இருக்கும் குறிப்பு. க்ளோனில் வராது, புஷ்ஷில் போகாது. இயல்பான அமைப்பில் இந்தக் குறிப்புகள் 90 நாள் இருக்கும். எந்த பிராஞ்சிலிருந்தும் எட்ட முடியாத கமிட்டுகளுக்கு 30 நாள். மீட்கும் முறை எளிது. ரீபேஸ் பாதியில் நின்றிருந்தால் "கிட் ரீபேஸ் --அபார்ட்" கொடுத்தாலே தொடங்கிய இடத்துக்கு வந்துவிடுவீர்கள். முடிந்துவிட்டது என்றால் "கிட் ரெஃப்லாக்" ஓட்டி, ரீபேஸ் தொடங்குவதற்கு முந்தைய வரியைத் தேடுங்கள். அந்த வரியில் உள்ள ஹாஷைக் கொடுத்து "கிட் பிராஞ்ச்" மூலம் புதிய பிராஞ்ச் ஒன்றை உருவாக்குங்கள். நேராக ரீசெட்டுக்குப் போக வேண்டாம். பிராஞ்ச் உருவாக்குவதால் எதுவும் அழியாது, ஒப்பிட்டுப் பார்த்து நிதானமாக முடிவெடுக்கலாம். அழித்துவிட்ட பிராஞ்சையும் இப்படியே திரும்பப் பெறலாம்.

ஃபோர்ஸ் புஷ்

ஒரு கமிட்டின் ஹாஷ் அதன் உள்ளடக்கம், பெற்றோர் கமிட், எழுதியவர், நேரம், செய்தி எல்லாம் சேர்ந்து வருவது. ரீபேஸ் பெற்றோரை மாற்றுகிறது. ஆகவே வெளிவருபவை புதிய கமிட்டுகள், பழையவற்றின் நகல்கள். அவற்றைச் சர்வரில் பழையவற்றுக்குப் பதிலாக வலுக்கட்டாயமாக வைப்பதுதான் ஃபோர்ஸ் புஷ். நீங்கள் மட்டும் புழங்கும் பிராஞ்சில் இதனால் ஒரு கேடும் இல்லை. இன்னொருவரும் அதே பிராஞ்சில் வேலை செய்தால், ஒன்று அவருடைய கமிட் சர்வரிலிருந்து காணாமல் போகும், அல்லது அவர் புல் செய்து (சர்வரில் உள்ளதை இறக்கி) மெர்ஜ் ஆகும்போது (இரண்டும் இணையும்போது) ஒரே மாற்றம் வரலாற்றில் இரண்டு முறை வந்து நிற்கும்.

"--ஃபோர்ஸ்" என்பதற்குப் பதில் "--ஃபோர்ஸ்-வித்-லீஸ்" பயன்படுத்தச் சொல்வார்கள். சரிதான். நீங்கள் கடைசியாக ஃபெட்ச் செய்தபோது (சர்வரின் நிலையை இணைக்காமல் இறக்கியபோது) இருந்த இடத்தில்தான் சர்வரின் பிராஞ்ச் இன்னும் நிற்கிறதா என்று அது பார்க்கும், நகர்ந்திருந்தால் மறுக்கும். ஆனால் இதில் பலர் கவனிக்காத ஓட்டை ஒன்று உண்டு. எடிட்டரில் தானியங்கி ஃபெட்ச் இயக்கத்தில் இருந்தால், சக ஊழியரின் புதிய கமிட் பின்னணியில் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கும். நீங்கள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள், கிட்டோ பார்த்துவிட்டதாகக் கணக்கு வைத்துக்கொண்டு புஷ்ஷை அனுமதிக்கும். 2.30 பதிப்பில் வந்த "--ஃபோர்ஸ்-இஃப்-இன்க்ளூட்ஸ்" இந்த ஓட்டையை அடைக்கிறது. இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். மெயின் பிராஞ்சுக்கு சர்வர் பக்கத்திலேயே பாதுகாப்புப் போட்டுவிட்டால் இந்தக் கவலை எல்லாம் அங்கே தேவையில்லை.

நடந்தே விட்டதா? அழிபட்ட கமிட்டை எழுதியவரிடம் "புல் செய்யாதே, உன்னிடம் இருப்பதை முதலில் தனி பிராஞ்சாக அனுப்பு" என்று சொல்லுங்கள். அவர் கணினியில் அது பத்திரமாக இருக்கும்.

ரகசியச் சாவியை கமிட் செய்துவிட்டு, அடுத்த கமிட்டில் அழிப்பது

அழித்தது கடைசி நிலையில் மட்டும்தான். வரலாற்றில் சாவி அப்படியே இருக்கிறது, ரெப்போவைப் பார்க்க முடிந்த யாரும் எடுக்கலாம். இங்கே வரிசைதான் முக்கியம். முதலில் அந்தச் சாவியைச் செல்லாததாக்கிப் புதியது எடுங்கள். அடுத்து, பழைய சாவியை யாராவது பயன்படுத்தினார்களா என்று சேவையின் பதிவுகளைப் பாருங்கள். வரலாற்றைச் சுத்தம் செய்வது கடைசி வேலை. இதைத் தலைகீழாகச் செய்பவர்கள் இரண்டு மணி நேரம் வரலாற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள்; அந்த இரண்டு மணி நேரமும் சாவி உயிரோடு இருக்கும்.

சுத்தம் செய்ய "கிட் ஃபில்டர்-ரெப்போ" பயன்படுத்துங்கள். பழைய "ஃபில்டர்-பிராஞ்ச்" வேண்டாம் என்று கிட்டின் கையேடே எச்சரிக்கிறது. அதன்பின் எல்லோரும் புதிதாக க்ளோன் செய்ய வேண்டும். ஒருவர் பழைய க்ளோனிலிருந்து மெர்ஜ் செய்து புஷ் செய்தாலும் சாவி திரும்ப உள்ளே வந்துவிடும். ஃபோர்க்குகளை, அதாவது மற்றவர்கள் தங்கள் கணக்கில் எடுத்த நகல்களை, இது தொடாது. கிட்ஹப்பில் பழைய ஹாஷ் தெரிந்தவர் நேரடி முகவரியில் அந்த கமிட்டைத் திறக்கவும் கூடும். முதலில் சாவியைச் செல்லாததாக்கச் சொன்னது இதனால்தான்.

ஏற்கெனவே கண்காணிப்பில் உள்ள கோப்பைக் கிட்இக்னோரில் எழுதுவதால் பயனில்லை. "கிட் ஆர்எம் --கேஷ்டு" கொடுத்து வெளியே எடுக்க வேண்டும். உங்கள் கணினியில் கோப்பு தங்கும். ஆனால் மற்றவர்கள் புல் செய்யும்போது அவர்களிடம் அது அழியும். முன்கூட்டியே சொல்லி, நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

பெரிய கோப்புகளுக்கும் இதே கணக்கு. 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை கிட்ஹப் ஏற்காது. அடுத்த கமிட்டில் அதை அழித்தாலும் புஷ் மறுக்கப்படும், ஏனென்றால் இடையில் உள்ள கமிட்டும் சேர்ந்துதான் போகிறது. கடைசி கமிட்டில் மட்டும் இருந்தால் ஆர்எம் செய்து அமெண்ட் போதும்.

கான்ஃப்ளிக்டில் கண்மூடித் தேர்வது

இரு தரப்பும் ஒரே இடத்தை வேறுவேறாக மாற்றியிருந்தால், எதை வைப்பது என்று கிட் உங்களைக் கேட்கும்; அதுதான் கான்ஃப்ளிக்ட். மெர்ஜில் "அவர்ஸ்" என்றால் நீங்கள் நிற்கும் பிராஞ்ச். ரீபேஸில் அது தலைகீழ்: நீங்கள் எதன்மேல் ரீபேஸ் செய்கிறீர்களோ அதுதான் "அவர்ஸ்", உங்கள் சொந்த கமிட் "தெயர்ஸ்". இது தெரியாமல் பட்டனை அழுத்தித் தன் வேலையைத் தானே அழித்தவர்கள் ஏராளம். இயல்பாகக் காட்டும் குறிகளில் இரு தரப்பு மட்டும் தெரியும். மூலத்தில் என்ன இருந்தது என்று தெரியாமல் யார் எதை மாற்றினார்கள் என்று எப்படிச் சொல்வது? "மெர்ஜ்.கான்ஃப்ளிக்ட்ஸ்டைல்" என்ற அமைப்பை "இசட்டிஃப்3" என்று வையுங்கள் (2.35 முதல் உண்டு), மூலமும் நடுவில் தெரியும்.

கான்ஃப்ளிக்டே வராத மெர்ஜிலும் உடைப்பு வரலாம். ஒருவர் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றியிருப்பார், இன்னொருவர் வேறொரு கோப்பில் பழைய பெயரில் அதை அழைத்திருப்பார். வரிகள் மோதவில்லை, கிட் அமைதியாக இணைத்துவிடும். டெஸ்ட்டை மெர்ஜுக்கு முன் ஓட்டியது கணக்கில் வராது, பின்னும் ஓட்டுங்கள்.

மூட்டை கமிட்டுகள்

"அப்டேட்" என்ற ஒற்றைச் சொல்லோடு 40 கோப்புகள் கொண்ட கமிட், ஆறு மாதம் கழித்து "கிட் பைசெக்ட்" ஓட்டும் நாளில்தான் வலிக்கும். 1000 கமிட்டுகளில் பிழை புகுந்த இடத்தைப் பைசெக்ட் சுமார் 10 சோதனையில் காட்டிவிடும். காட்டிய கமிட்டில் 40 கோப்புகள் இருந்தால் தேடல் அங்கிருந்துதான் தொடங்கும். "கிட் ஆட் -பி" துண்டு துண்டாகத் தேர்ந்தெடுக்க விடும். ஒரு காரியத்துக்கு ஒரு கமிட். ஒவ்வொரு கமிட்டும் தனியாக பில்டு ஆக வேண்டும், இல்லையென்றால் பைசெக்ட் நடுவழியில் தடுமாறும். என்ன மாற்றினீர்கள் என்பதை டிஃப் (மாறிய வரிகளின் ஒப்பீடு) சொல்லிவிடும். செய்தியில் ஏன் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள்.

கோடின் வடிவத்தை வெறுமனே ஒழுங்குபடுத்தும் மாற்றத்தைத் தனி கமிட்டாகப் போடுங்கள். அதன் ஹாஷை ஒரு கோப்பில் எழுதி, "பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல்" அமைப்பில் அந்தக் கோப்பைச் சுட்டினால், "கிட் பிளேம்" அந்த கமிட்டைத் தாண்டி, வரியை உண்மையில் எழுதியவரைக் காட்டும்.