விளக்கெண்ணெயில் பாலியூரித்தேன் பசை: டெல்டா ஈரத்துக்கு ஏற்ற முறை

மன்னார்குடிப் பக்கம் கதவு, நிலை செய்கிற தச்சர்களுக்கு நான் பசை தயாரித்துக் கொடுக்கிறேன். பாலியூரித்தேன் பசை என்றால் பாலியால், ஐசோசயனேட் என்ற இரண்டு வேதிப்பொருள்கள் சேர்ந்து இறுகுவது. பாலியால் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. அதற்குப் பதில் விளக்கெண்ணெயை அப்படியே பயன்படுத்தலாம். அதன் கொழுப்பு அமிலத்தில் 85 முதல் 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம். ஐசோசயனேட்டோடு பிணைய வேண்டிய ஹைட்ராக்சில் (OH) அதிலேயே இருக்கிறது.

ஐசோசயனேட்டில் டி.டி.ஐ. என்ற வகை வேண்டாம், சுலபமாக ஆவியாகும். பாலிமெரிக் எம்.டி.ஐ. என்ற வகையை வாங்குங்கள். அதையும் சூடாக்கவோ தெளிக்கவோ கூடாது. "வாசனையே வரலையே சார்" என்று ஒரு தச்சர் முகக்கவசத்தைக் கழற்றப் போனார். வாசனை தெரிகிற அளவு வந்தால் பாதுகாப்பு வரம்பு எப்போதோ தாண்டியிருக்கும். ஒவ்வாமை ஒருமுறை பிடித்துவிட்டால், அப்புறம் துளி ஆவிக்கே ஆஸ்துமா வரும். நைட்ரைல் கையுறை, கண்ணாடி, நல்ல காற்றோட்டம் இல்லாமல் டப்பாவைத் திறக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.1 சதவீதத்துக்கு மேல் டைஐசோசயனேட் உள்ள சரக்கைத் தொழிலில் கையாள 2023 ஆகஸ்டிலிருந்து பயிற்சி கட்டாயம். நம் பட்டறை ஆட்களுக்கும் அது வேண்டும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே எண்ணெயும் மரமும் ஈரம் குடிக்கும். 1 கிராம் தண்ணீர் சுமார் 15 கிராம் எம்.டி.ஐ.யைத் தின்றுவிடும். கூடவே கார்பன் டை ஆக்சைடு கிளம்பி, ஒட்டில் குமிழி விழும். எண்ணெயை வாக்குவம் பம்பு வைத்து 100 முதல் 110 டிகிரியில் காய வையுங்கள். முதலில் நுரைத்துக்கொண்டு பொங்கும், பிறகு ஒன்றிரண்டு குமிழி, கடைசியில் மேற்பரப்பு அசையாது. அதுவரை அவசரப்படாதீர்கள். 40 டிகிரிக்குக் கீழே ஆறட்டும்.

எண்ணெயின் ஹைட்ராக்சில் எண் (ஹைட்ராக்சில் எவ்வளவு என்று காட்டும் அளவு) 163, எம்.டி.ஐ.யில் என்.சி.ஓ. (ஹைட்ராக்சிலோடு பிணையும் பகுதி) 31 சதவீதம் என்றால், 100 கிராம் எண்ணெய்க்குச் சுமார் 39.4 கிராம் எம்.டி.ஐ. சரியாக வரும். சரக்குச் சான்றிதழைப் பார்த்துக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். பசையைச் சீக்கிரம் இறுக வைக்கும் டைபியூட்டைல் டின் வினையூக்கி இனப்பெருக்கத்துக்குக் கெடுதி. வேகம் வேண்டுமானால் பிஸ்மத் வினையூக்கி போடுங்கள்.

துண்டுப் பலகைகளை ஒட்டி, நன்றாக இறுகியதும் உடைத்துப் பாருங்கள். பசைக்கோட்டில் விடாமல் மரநார் கிழிந்தால் கலவை சரி.

மிச்ச எம்.டி.ஐ.யில் ஈரம் பட்டிருந்தால் டப்பாவை மூடாதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கும். சலவை சோடாக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, வெளியில் காற்றோட்டமாகத் திறந்தே விட்டு, முழுதும் இறுகிய பிறகே அகற்றுங்கள்.