எம்.எஸ். நோய்க்கான கூட்டுச் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் எம்.எஸ். நோயைத் தமிழக அரசு ஆவணங்கள் ‘தண்டுவட மரப்பு நோய்’ என்று குறிக்கின்றன. அந்தப் பெயரைக் கொண்டு இது முதுகுத்தண்டோடு நின்றுவிடும் நோய் என்று எண்ணிவிடக் கூடாது. நம் உடலின் எதிர்ப்பு மண்டலமே மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றின் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைத் தாக்குவதால், பார்வை, நடை, சிறுநீர்ப்பை, நினைவாற்றல், மனநிலை என எதுவும் பழுதுபடலாம். அதனால் நரம்பியல் மருத்துவர், கண் மருத்துவர், இயன்முறை மருத்துவர், சிறுநீரியல் மருத்துவர், மனநல ஆலோசகர் எனப் பலரும் தேவைப்படுகிறார்கள். இவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள் என்று நோயாளி நம்பியிருப்பதே முதல் தவறு. நம் ஊரில் பெரும்பாலும் அவர்களுக்கு நடுவே செய்தியைக் கொண்டுசெல்பவர் நோயாளி மட்டுமே.

கூச்சத்தால் ஒன்றை மறைப்பது அதைவிடப் பெரிய தவறு. என் அக்காவுக்குச் சிறுநீரை அடக்க முடியாத தொல்லை இருந்தது. மருத்துவரிடம் சொல்ல வெட்கப்பட்டு, அலுவலகம் செல்லும் நாட்களில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். கத்திரி வெயில் காலத்தில் ஒரு நாள் கால்கள் துவண்டு, கட்டிலிலிருந்து எழவே சுவரைப் பிடிக்க வேண்டியதாயிற்று. நோய் மீண்டும் தாக்கிவிட்டது என்று நாங்கள் பதறி, ஸ்டீராய்டு ஊசிக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது, வாரந்தோறும் அவர் நடையைக் கவனித்துவந்த இயன்முறை மருத்துவர் கேட்ட ஒரே கேள்வி, “ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் குடிக்கிறீங்க?” என்பதுதான். பரிசோதனையில் சிறுநீர்த் தொற்று தெரிந்தது. தொற்று நீங்கியதும் கால்களுக்குப் பழைய பலம் திரும்பியது.

காய்ச்சலோ தொற்றோ இல்லாமல், புதிய அறிகுறி 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால்தான் அதை உண்மையான தாக்குதல் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். உடல் சூடேறினாலே பழைய அறிகுறிகள் சிறிது நேரம் தலைதூக்கும்; உடலுழைப்புக்குப் பின் பார்வை தற்காலிகமாக மங்குவதை ஜெர்மானிய மருத்துவர் ஊத்தாஃப் 1890-லேயே பதிவு செய்திருக்கிறார். தொற்று இருப்பது தெரியாமல் ஸ்டீராய்டு ஏற்றினால் அந்தத் தொற்றே முற்றிவிடக்கூடும். எது எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, அன்று காய்ச்சல் இருந்ததா என்று ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி வைப்பது இதனால்தான் அவசியமாகிறது.

உடம்பு நன்றாக இருக்கிறது என்று மருந்தைத் தாமாக நிறுத்துவது இன்னொரு தவறு. 1993-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்டர்ஃபெரான் பீட்டா தொடங்கி, நோயின் போக்கை மாற்றும் மருந்துகள் புதிய தாக்குதல்களைக் குறைக்கின்றனவே ஒழிய, பழைய சேதத்தைச் சரிசெய்வதில்லை. ஆகவே அவற்றின் பலன் கண்ணுக்குத் தெரியாது. வெளியே அறிகுறி எதுவும் இல்லாதபோதும் எம்.ஆர்.ஐ. படத்தில் புதிய தழும்புகள் தென்படுவதுண்டு. ஃபிங்கோலிமோட் போன்ற மருந்தைத் திடீரென நிறுத்தினால் கடுமையான தாக்குதல் வர வாய்ப்புண்டு. செலவு கட்டுப்படியாகவில்லை என்றாலும், வேறு வைத்தியத்தை நாட விரும்பினாலும், அதை நரம்பியல் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். மாற்று வழியை அவரால்தான் காட்ட முடியும்.

பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகப் பாதிக்கும் நோய் என்பதால், கருத்தரிப்புப் பேச்சை முன்கூட்டியே எடுக்க வேண்டும். டெரிஃப்ளூனோமைடு போன்ற மருந்து உடலில் இருக்கும்போது கருவுறக் கூடாது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாக்குதல்கள் குறைந்து, பிரசவத்துக்குப் பிந்தைய மூன்று மாதங்களில் கூடும் இயல்பும் உண்டு. நோயாளிக்கு எம்.எஸ். இருப்பது மகப்பேறு மருத்துவருக்கு எட்டாம் மாதத்தில்தான் தெரியவருகிறது என்றால், திட்டமிட வேண்டிய காலம் முழுவதும் வீணாகிவிட்டது என்று பொருள்.

உடலின் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் ரிட்டுக்ஸிமாப் போன்ற மருந்துகளுக்கு முன் காசநோய், ஹெபடைடிஸ்-பி பரிசோதனைகள் தேவை. அந்த மருந்துகளைத் தொடங்கிய பின் உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகளைத் தவிர்க்க வேண்டும். பல் மருத்துவர் உட்பட யாரைப் பார்த்தாலும், மருந்தின் பெயர், தொடங்கிய தேதி, கடைசி ரத்தப் பரிசோதனை முடிவு ஆகியவை அடங்கிய ஒரு தாள் கையில் இருக்கட்டும்.

குடும்பத்தாராகிய நாங்களும் தவறு செய்தோம். மருத்துவர் அக்காவைக் கேட்ட கேள்விக்கு நாங்கள் முந்திக்கொண்டு பதில் சொன்னோம்; எம்.எஸ். நோயாளிகளில் மிகப் பலருக்கு இருக்கும் அசதியைச் சோம்பல் என்று பேசினோம். அவர் சோர்ந்து ஒதுங்கியது மனச்சோர்வு என்பது ஆலோசகரிடம் தனியே பேசிய பிறகே வெளிப்பட்டது. உடற்பயிற்சி நோயை முற்றவைக்கும் என்று பயந்து, விழுந்து எழுந்த பின்னரே இயன்முறை சிகிச்சைக்கு அழைத்துச் சென்றதும் எங்கள் தவறுதான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 எம்.எஸ். நோயையும் மாற்றுத்திறன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மாற்றுத்திறனாளி சான்றிதழ் பெறச் செல்லும்போது நடையை மட்டும் காட்டிவிட்டுத் திரும்பாமல், அசதி, பார்வைக் குறை, சிறுநீர்த் தொல்லை ஆகியவற்றையும் அந்தந்த மருத்துவரிடம் எழுத்தில் வாங்கிச் செல்லுங்கள்.